இணையத் தேடல் பதிவும் நீதவானின் கையொப்பமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

"கூகிளில் தேடியதைப் பொலிஸார் பார்க்கலாமா?" என்ற கேள்விக்குக் கொழும்பில் இரண்டு பதில்கள் உலவுகின்றன. சிம் எடுத்த அன்றே எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விட்டது என்பார் ஒருவர். உலாவியின் மறைநிலையான இன்கொக்னிட்டோவில் தேடினால் ஆண்டவனுக்கும் தெரியாது என்பார் இன்னொருவர். இரண்டும் பிழை. முதலாவதை நம்பியவர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமலே போனை நீட்டிவிடுகிறார். இரண்டாவதை நம்பியவர் இல்லாத பாதுகாப்பை இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். தேடல் பதிவு எங்கெங்கே கிடக்கிறது, எந்தச் சட்டத்தின்கீழ் அதை எடுக்கலாம், எடுக்கும்போது எங்கே பிழைக்கிறது என்பவற்றைத் தங்கள் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். நீதவான் ஒருவர் காரணத்தை வாசித்துக் கையொப்பமிடும் முன் எவருடைய தேடலும் திறக்கப்படக் கூடாது என்பது என் நிலைப்பாடு. அதற்கான காரணங்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத்திலேயே இருக்கின்றன.

பதிவு மூன்று இடங்களில் இருக்கிறது: இணையச் சேவை தரும் நிறுவனத்தில், தேடுபொறி நிறுவனத்தில், உங்கள் போனில்.

இணைய நிறுவனத்திடம் இருப்பது பலரும் நினைப்பதைவிடக் குறைவு. 2013 முதல் கூகிள் தன் தேடல்கள் எல்லாவற்றையும் மறைகுறியாக்கியே அனுப்புகிறது. ஆகவே பெட்டியில் நீங்கள் தட்டிய சொற்கள் இடையில் நிற்கும் நிறுவனத்துக்குத் தெரியாது. தளத்தின் பெயர், சென்ற நேரம், எவ்வளவு தரவு ஓடியது என்பவை தெரியும். தளத்தின் பெயர் இரண்டு இடங்களில் கசியும். பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும்படி போன் கேட்கும் டிஎன்எஸ் வினா முதலாவது. இணைப்புத் தொடங்கும் கணத்தில், எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதை உலாவி வெளிப்படையாக அறிவிக்கும் எஸ்என்ஐ என்ற குறிப்பு இரண்டாவது. அண்ட்ரொயிட் 9 முதல் வந்த போன்களில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற அமைப்பை இயக்கினால் முதற்கசிவு அடைபடும். இரண்டாவது பெரும்பாலான தளங்களில் இன்னும் திறந்தே கிடக்கிறது. ஆகவே தேடிய சொல் மறைந்தாலும், தேடி முடித்து நீங்கள் நுழைந்த வாசல் தெரியும்: ஒரு குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையம், விவாகரத்து வழக்குப் பேசும் ஒரு சட்டத்தரணி, குடிப்பழக்கத்திலிருந்து மீட்கும் ஓர் இல்லம். உள்ளே எந்தப் பக்கத்தை வாசித்தீர்கள் என்று தெரியாவிட்டாலும் வாசலின் பெயரே பாதியைச் சொல்லிவிடும்.

விசாரணைகள் பல வேளைகளில் எதிர்ப்பக்கத்திலிருந்தே வருகின்றன. ஒரு மிரட்டல் தகவல் அல்லது மோசடிக் கணக்குத் தொடர்பாக, இணைய இணைப்பின் எண்முகவரியான ஐபி முகவரி ஒன்றும் நேரமும் பொலிஸாரிடம் இருக்கும். அந்த நேரம் அந்த முகவரியைப் பாவித்தவர் யார் என்று இணைய நிறுவனத்திடம் கேட்பார்கள். அப்பாவிகள் மாட்டுவது இங்கேதான். பழைய வகை ஐபி முகவரிகள் போதாமல் போனதால் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்து கொடுப்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. ஆளை ஆள் பிரித்தறிவது, ஒவ்வோர் இணைப்புக்கும் இடப்படும் போர்ட் எண்ணால் மட்டுமே. ஒரு முகவரியில் 65,536 போர்ட்டுகள் உண்டு. முதல் 1,024ஐ ஒதுக்கிவிட்டு ஆளுக்கு 1,024 வீதம் பங்கிட்டால், ஒரே முகவரியின் பின்னால் ஒரே கணத்தில் 63 பேர் இருக்கலாம். போர்ட் எண் இல்லாத கோரிக்கைக்கு அந்த 63 பெயர்களும் சரியான விடைதான். சந்தேகமாகத் தெரியும் பெயரைத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஓர் அதிகாரி அந்தப் பட்டியலில் விரலை ஓட்டினால், விரல் முதலில் எங்கே நிற்கும் என்பதை இந்நகரத் தமிழருக்கு நான் விளக்கத் தேவையில்லை. தளங்களை நடத்துவோர் வந்தவரின் போர்ட் எண்ணையும் நொடிவரை துல்லியமான நேரத்தையும் சேர்த்தே பதிய வேண்டும் என்று இணையத் தொழில்நுட்ப நியமங்களை வகுக்கும் ஐஈடிஎஃப் 2011இலேயே பரிந்துரைத்துவிட்டது. பதியாத தளங்கள் இன்னும் ஏராளம்.

நேரத்திலும் பொறி இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் பதிவுகள் வழமையாக உலகப் பொது நேரமான யூடிசியில் வரும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. பதிவில் 10ஆம் திகதி 19:45 என்று இருந்தால் கொழும்பில் அது 11ஆம் திகதி அதிகாலை 1:15. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்ட மறந்த ஒரு கோரிக்கை, முன்தினம் இரவு 7:45க்கு அதே முகவரியைப் பாவித்த முற்றிலும் வேறொருவரின் பெயரைக் கொண்டுவரும். அந்தப் பெயருக்கு அடையாள அட்டை இலக்கமும் வீட்டு முகவரியும் ஒட்டியிருப்பதால் பார்ப்பவருக்கு அது மிக உறுதியான சான்றாகத் தோன்றும். பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க மூலக் கோரிக்கையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அது குற்றஞ்சாட்டப்பட்டவரின் சட்டத்தரணிக்குக் கிடைப்பதற்கு மாதங்கள் ஆகலாம்.

முகவரியும் நேரமும் சரியாக இருந்தாலும் கிடைப்பது இணைப்புக்கு உரியவரின் பெயர் மட்டுமே. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு போர்டிங் வீட்டில் எட்டுப் பத்துப் பேர் ஒரே ரவுட்டரைப் பாவிப்பார்கள். இணைப்பு வீட்டுக்காரம்மாவின் பெயரில் இருக்கும். வீட்டு ரவுட்டர்கள் யார் எப்போது இணைந்தார் என்ற குறிப்பை நெடுநாள் வைத்திருப்பதில்லை. மின்சாரம் போய் வந்தாலே பலவற்றில் அது அழிந்துவிடும். ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு மாமா தன் அடையாள அட்டையில் சிம் எடுத்துக் கொடுப்பதும் நம் வீடுகளில் சாதாரணம். அடையாள அட்டை கட்டணம் கட்டுபவரைக் காட்டும். தட்டிய விரல் யாருடையது என்பதை அது சொல்லாது.

அடுத்தது தேடுபொறி நிறுவனம். சொல்லுக்குச் சொல், நிமிடத்துக்கு நிமிடம் தேடல் கிடப்பது அங்கேதான். கூகிள் கணக்கில் நுழைந்திருக்கும்போது தேடுபவை, இணையம் மற்றும் செயலிச் செயற்பாடு என்ற தலைப்பின்கீழ் சேர்கின்றன. 2020 ஜூனுக்குப் பின் தொடங்கிய கணக்குகளில் அவை 18 மாதத்தில் தாமாக அழியும்படி வைக்கப்பட்டுள்ளன. அதற்கு முந்திய கணக்குகளில் நீங்களாக மாற்றாவிட்டால் தொடக்கம் முதல் எல்லாம் இருக்கும். கணக்கில் நுழையாமல் தேடினாலும் ஐபி முகவரியும், உலாவியை அடையாளங்காட்டும் சிறு குறிப்பான குக்கியும் பதிவாகும். முகவரியின் ஒரு பகுதியை 9 மாதத்திலும் குக்கி விவரத்தை 18 மாதத்திலும் நீக்குவதாகக் கூகிள் கூறுகிறது. இன்கொக்னிட்டோ மறைப்பது உங்கள் போனை அடுத்து எடுப்பவரிடமிருந்து மட்டுமே. அந்நிலையிலும் தரவு திரட்டப்பட்டது தொடர்பாக அமெரிக்காவில் 2020இல் தொடரப்பட்ட வழக்கு, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகிள் 2024இல் உடன்பட்டதோடு முடிந்தது.

இந்தப் பதிவை இலங்கைப் பொலிஸார் நேரே எடுக்க முடியாது. 2002ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கக் குற்றவியல் விடயங்களில் பரஸ்பர உதவியளித்தல் சட்டத்தின்கீழ் நீதி அமைச்சின் செயலாளர் ஊடாகக் கோரிக்கை அமெரிக்காவுக்குப் போக வேண்டும். தேடற்சொற்கள் போன்ற உள்ளடக்கத்துக்கு அங்குள்ள நீதிமன்றம் ஒன்று ஆணை பிறப்பிக்க வேண்டும். எந்தக் கணக்கு, எந்தக் குற்றம், எந்தக் காலப்பகுதி என்று எழுத்தில் சொல்லாமல் அந்த ஆணை கிடைக்காது. சட்டம் தடுக்காதவிடத்து, கொடுப்பதற்கு முன் கணக்குக்காரருக்கு மின்னஞ்சலில் அறிவிப்பது கூகிளின் கொள்கை. மாதக்கணக்கில் இழுபடும் வழிதான். ஆனாலும் ஒரு மனிதரின் உள்மனக் கேள்விகளைத் திறப்பதற்கு முன் இரண்டு நாடுகளில் ஆட்கள் உட்கார்ந்து காரணத்தை வாசிக்கிறார்கள். இந்தத் தடை இருப்பது நல்லது.

இந்தத் தடை முழுவதையும் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி மூன்றாவது இடம், அதாவது போன். பொலிஸாரிடம் பூட்டு எண்ணைச் சொன்னதும் கூகிள் கணக்கு திறந்துவிடுகிறது. மை அக்டிவிட்டி பக்கத்தில் தேடல்கள், பார்த்த யூடியூப் காணொளிகள், வரைபடத்தில் தேடிய இடங்கள் திகதி நேரத்தோடு வரிசையாக நிற்கின்றன. வாஷிங்டன்வரை போய்க் கேட்க வேண்டியது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. போனுக்குள் இருக்கும் பதிவும் போனின் வழியாக எட்டக்கூடிய வெளிநாட்டுக் கணினியிலுள்ள பதிவும் ஒன்றல்ல. போனைக் கைப்பற்றும் அதிகாரம் கணக்கைத் திறக்கும் அதிகாரமாகிவிடாது என்பதை நம் சட்டம் தெளிவாக எழுதியாக வேண்டும். சட்டத்தரணிகள் இதில் மேலும் அழுத்தமாக வாதாட வேண்டும் என்று விரும்புகிறேன்.

கைப்பற்றிய போனில் நடக்கும் பிழைகளும் பல. குரோம் உலாவி போனுக்குள் 90 நாள் வரலாற்றை வைத்திருக்கும். அழித்த வரிகளும் சில வேளைகளில் மீட்கக்கூடியபடி கிடக்கலாம். கைப்பற்றிய போனை வலையமைப்பிலிருந்து துண்டிக்காமல் வைத்தால், அதே கணக்கில் வீட்டிலுள்ள வேறொரு சாதனத்தில் நடக்கும் தேடல்கள் ஒத்திசைந்து இதற்குள் வந்து சேரும். உரியவர் தடுப்புக்காவலில் இருக்கும்போது அவர் 'தேடியதாக' ஒரு வரி தோன்றலாம். அதிகாரி தன் விரலால் உருட்டிப் பார்த்தாலும் போனிலுள்ள தரவு மாறலாம். ஆகவே முதல் வேலை போனை விமான நிலைக்கு மாற்றுவது அல்லது அலை புகாத உறையில் இடுவது. பிறகு முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்கு ஷா-256 என்ற கணிப்பில் வரும் 64 இலக்க-எழுத்துக் குறியீட்டை அந்த இடத்திலேயே எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். பின்னாளில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் குறியீடு பொருந்தாது. இதைச் செய்யாமல் திரையைப் படம்பிடித்து அச்சிட்ட தாள்களை வைத்து வழக்குப் பேசுவது இரு தரப்புக்கும் அநீதி. குற்றவாளி தப்பவும் அது வழிவிடும்.

நம் சட்டத்தில் நல்ல காவல்கள் சில ஏற்கெனவே உள்ளன. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சேவை வழங்குநரிடம் சந்தாதாரர் விவரமும், தொடர்பு எங்கிருந்து எங்கே எப்போது போனது என்ற போக்குவரத்துத் தரவும் பெறுவதற்கும் தொடர்பை இடைமறிப்பதற்கும் நீதவானின் ஆணையைக் கோருகிறது. போதிய தொழில்நுட்ப அறிவுண்டு என்று பொலிஸ்மா அதிபர் எழுத்தில் சான்றளிக்காத அதிகாரி எவரும் இச்சட்டத்தின் கீழான விசாரணைக்காகக் கணினியைத் திறக்கக் கூடாது என்கிறது 21ஆம் பிரிவு. ஸ்மார்ட்போனும் கணினிதான். கைப்பற்றியவற்றின் முழுப் பட்டியலை நாள், நேரத்தோடு உரியவருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. விசாரணையில் அறிந்ததை வெளியே விடக் கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. இவற்றை வாசித்த பொதுமக்கள் எத்தனை பேர்?

பிரச்சினை 18ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறது. அவசரம், சான்று அழிந்துபோகும் வாய்ப்பு, விசாரணையின் இரகசியம் ஆகிய காரணங்களைச் சொல்லி, ஆணையில்லாமலே அதே அதிகாரங்களைப் பாவிக்க அது வழிவிடுகிறது. காரணம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பவரும் அதிகாரியே. பாவித்தபின் நீதவானிடம் போய் இன்ன காரணத்துக்காக இதைச் செய்தேன் என்று அறிக்கையிடும் கட்டாயத்தை அந்தப் பிரிவு எழுதவில்லை.

அவசரம் என்ற வாதத்துக்கு அதே சட்டத்தின் அடுத்த பிரிவிலேயே விடை இருக்கிறது என்பதைத்தான் ஆசிரியர் அவர்களே, நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 19ஆம் பிரிவின்படி, தகவல் அழியும் ஆபத்து இருந்தால் பொலிஸ் அதிகாரி எழுத்து மூல அறிவித்தல் ஒன்றின் மூலம் அதை 7 நாள் வரை அழியாமல் வைத்திருக்கும்படி பணிக்கலாம். நீதவானிடம் விண்ணப்பித்து அதை மொத்தம் 90 நாள் வரை நீட்டலாம். அதாவது திறக்காமலே பூட்டி வைக்கலாம். பதிவு அழியாது. அதிகாரி புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய் ஆணை எடுத்து வருவதற்கு 7 நாள் தாராளம். கடத்தப்பட்ட பிள்ளை, தற்கொலை செய்யப்போவதாகத் தகவல் அனுப்பியவர் என்று மணித்தியாலக் கணக்கில் உயிர் ஊசலாடும் நிலைமைகள் வேறு. அவற்றில் முதலில் திறந்துவிட்டு 24 மணித்தியாலத்துக்குள் நீதவானுக்கு அறிக்கையிடலாம். நீதவான் ஏற்காவிட்டால் எடுத்ததை அழிக்க வேண்டும். இந்த இரண்டு வசனங்களையும் 18ஆம் பிரிவில் சேர்த்தால் உண்மையான விசாரணை எதுவும் கெடாது. சிறுவர் துஷ்பிரயோகப் படங்களையும் வங்கி மோசடிகளையும் துரத்தும் அதிகாரிகளின் வேலை கடினமானது. அதைத் தடுக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. 2015இல் தெற்காசியாவில் முதல் நாடாக புடாபெஸ்ட் சைபர் குற்றச் சாசனத்தில் நாம் இணைந்தோம். அதிகாரங்களோடு மனித உரிமைக் காவல்களும் அளவறிந்த பிரயோகமும் வேண்டும் என்று அச்சாசனத்தின் 15ஆம் உறுப்புரை கேட்கிறது. அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காவலை விட்டுவிட்டோம்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைவிடப் பெரிய ஓட்டை. அதன் 6ஆம் பிரிவு ஆணையில்லாமல் நுழையவும் சோதனையிடவும் எப்பொருளையும் கைப்பற்றவும் இடமளிக்கிறது. அந்த வசனம் எழுதப்பட்ட காலத்தில் 'பொருள்' என்பது ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு கொப்பி. இன்று அது ஒருவருடைய பத்தாண்டுக் கேள்விகள்.

இன்னொரு முறை இங்கே காலூன்றுமுன் அதைப் பற்றிப் பேசிவிட வேண்டும். ஆளைச் சந்தேகித்துப் பதிவைக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு சொல்லைக் கொடுத்து அதைத் தேடிய எல்லாரையும் கேட்பது. அமெரிக்காவின் டென்வர் நகரில் 2020 ஓகஸ்டில் வீடொன்றுக்குத் தீ வைக்கப்பட்டு ஐந்து பேர் இறந்தனர். சந்தேகநபர் கிடைக்காதபோது, முந்திய 15 நாளில் அந்த வீட்டு முகவரியைத் தேடியவர்களின் பதிவைப் பொலிஸார் நீதிமன்ற ஆணையுடன் கேட்டார்கள். எட்டுக் கணக்குகளிலிருந்து 61 தேடல்கள் வந்தன. அதைத் தொடர்ந்து இளைஞர்கள் கைதானார்கள். 2023 ஒக்டோபரில் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம், தேடல் வரலாற்றில் ஒருவருக்கு அந்தரங்க உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. எனினும் பொலிஸார் நல்லெண்ணத்துடன் செயற்பட்டனர் என்று சான்றை ஒதுக்க மறுத்தது. கொடிய குற்றம், பிடிபட வேண்டியவர்கள். ஆனாலும் அந்த எட்டுக் கணக்குகளைக் கண்டெடுக்கக் கூகிள் துழாவியது உலகத்தின் தேடல்கள் அனைத்தையும். வீட்டு முகவரி ஓர் ஒடுக்கமான சொல். அதற்குப் பதிலாக ஓர் அரசியல் சொல்லோ ஒரு நோயின் பெயரோ கேட்கப்பட்டால் வரும் பட்டியல் எவ்வளவு நீளும்?

தமிழில் அந்தப் பட்டியல் இன்னும் மோசமாக இருக்கும். 'குண்டு' என்பது வெடிப்பதும்தான், உடல் பருத்திருப்பதும்தான். 'குண்டு உடம்பைக் குறைப்பது எப்படி' என்று தேடிய பெண்ணின் வரியை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பாருங்கள். 'மருந்து' காய்ச்சலுக்கும் உண்டு, வெடிக்கும் உண்டு, பயிருக்கு அடிப்பதும் அதுவே. நம்மில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறோம். அப்போது புளியும் புலியும் ஒரே எழுத்துக்கூட்டில் விழும். புளிக்கரைசல் வைப்பதற்கு அளவு தேடியவரும் சந்தேகப் பட்டியலில் ஒரு வரியாகலாம். கொழும்பு நீதவான் நீதிமன்றங்களில், விசாரணை பற்றிப் பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் பீ அறிக்கை சிங்களத்தில் எழுதப்படுகிறது. தேடல் வரிகள் அதற்குள் மொழிபெயர்ப்பாகவே நுழையும். மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் ஒருவர் தன் தமிழ்க் கவிதைகளின் பேரில் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அச்சிட்ட கவிதைக்கே மூன்றரை ஆண்டு என்றால், முன்பின் சந்தர்ப்பமில்லாத மூன்று சொல் தேடலுக்கு யார் விளக்கம் சொல்வது? தேடல் வரிகளை நீதிமன்றில் வைக்கும்போது தட்டிய மூல எழுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு, அதற்கு முன்னும் பின்னுமான தேடல்கள் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதையும் மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டிலிருப்போர் பெயர்களைப் பொலிஸ் படிவத்தில் நிரப்பிக் கொடுத்த காலத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கூட்டத்தை முதலில் வளைத்துவிட்டுக் குற்றத்தைப் பிறகு தேடும் முறை அது. சொல்லை வைத்து ஆட்களைக் கேட்பதும் அதே முறைதான்.

அரசியலைவிட்டு வீட்டுக்குள் வந்தாலும் ஆபத்து குறைவதில்லை. தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்தைத் தவிர்ந்த கருக்கலைப்பு தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்கீழ் குற்றம். மாதவிலக்குத் தள்ளிப்போன ஒரு பெண் இரவில் பதறித் தேடிய வரிகள், பின்னர் இயல்பாகக் கரு கலைந்திருந்தாலும், அவருக்கெதிராக வாசிக்கப்படலாம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2018இல் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில் அவருடைய போனிலிருந்த மருந்துத் தேடல்களே முன்னுக்கு வந்தன. வழக்குப் பின்னர் கைவிடப்பட்டது. பெயரை நீக்கிவிட்டால் பாதுகாப்பு என்பாருக்கும் ஒரு உதாரணம் உண்டு. 2006இல் ஏஓஎல் நிறுவனம் ஆறரை இலட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் இட்டு வெளியிட்டது. தேடிய ஊர்ப் பெயர்களையும் குடும்பப் பெயர்களையும் நோய்களையும் சேர்த்து வாசித்தே பத்திரிகையாளர்கள் சில நாட்களில் ஒரு மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.

வாசகர்கள் இன்றே செய்யக்கூடியவை உண்டு. கூகிள் கணக்கில் தரவும் தனியுரிமையும் என்ற பகுதிக்குப் போய், இணையம் மற்றும் செயலிச் செயற்பாட்டைத் திறந்து, தானாக அழித்தல் என்பதை 3 மாதமாக வையுங்கள். யூடியூப் வரலாற்றுக்கு அதைத் தனியாகச் செய்ய வேண்டும். அழித்தது கூகிளின் கணினிகளிலிருந்து முழுதாகப் போக ஏறத்தாழ இரண்டு மாதமும், காப்புப் பிரதிகளிலிருந்து போக ஆறு மாதம் வரையும் ஆகும். ஒரு எச்சரிக்கை: உங்கள்மீது விசாரணை தொடங்கிவிட்டது என்று தெரிந்தபின் எதையும் அழிக்க வேண்டாம். அது சான்றை அழித்த குற்றமாகி, இல்லாத வழக்கை உண்டாக்கிவிடும்.

போனைக் கேட்டால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் கேட்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அதிகாரியின் பெயர், பதவி, பொலிஸ் நிலையம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போனின் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை இப்போதே எழுதி வீட்டில் வையுங்கள். நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் திரையில் வரும். கைப்பற்றியதற்கான பட்டியல் இல்லாமல் திரும்ப வேண்டாம். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டாம். மொழிபெயர்ப்பைக் கேட்பது உங்கள் உரிமை. அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது. ஆணைக்குழுவின் துரித எண் 1996. நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை இல்லை என்பதால், கைதின் முறை, சமத்துவம் ஆகியவற்றை வைத்தே வாதாட நேர்கிறது. இந்தியாவில் 2017இல் ஒன்பது நீதியரசர்கள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தனர். இங்கே அப்படியொரு தீர்ப்புக்கோ திருத்தத்துக்கோ காத்திருக்கிறோம்.

தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பொலிஸ் தலைமையகத்துக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்துகை ஆணைக்குழுவுக்கும் தமிழிலேயே விண்ணப்பம் அனுப்பலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். நடைபெறும் வழக்குகளின் விவரத்தைக் கேட்டால் மறுப்பார்கள். எண்ணிக்கைகளை மட்டும் கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 18ஆம் பிரிவின்கீழ் நீதவான் ஆணையுடன் எத்தனை தடவை சேவை வழங்குநரிடம் தரவு பெறப்பட்டது? ஆணையில்லாமல் எத்தனை தடவை? 19ஆம் பிரிவின்கீழ் எத்தனை பாதுகாப்பு அறிவித்தல்கள் கொடுக்கப்பட்டன? 21ஆம் பிரிவின்படி பொலிஸ்மா அதிபரின் சான்று பெற்ற அதிகாரிகள் எத்தனை பேர், அவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வரும் பதிலையும், பதில் வராவிட்டால் விண்ணப்பம் அனுப்பிய திகதியையும் தங்கள் பத்திரிகையில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறியியலாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06